பூட்டிய அடுப்பங்கரையிலிருந்து மூத்தவனுக்கு

மகனே,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று மத்தியானம் கைக்கு வந்தது. மஞ்சள் தடவிய மூலை தபாலில் கசங்கியிருந்தாலும் எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு. உன் நைனாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும், ஆனாலும் தெலுங்குப் பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன புரிகிறது என்று கேட்டேன். புரியாவிட்டால் என்ன, அதிலும் என் பேர் இருக்கும் இல்லையா என்றார். ராயபுரத்து லைன் வீட்டுப் பிள்ளைக்கு விசாகப்பட்டினத்தில் பந்தல் போடுகிறார்கள் என்று குழாயடியில் ஒருத்தி விடாமல் சொல்லிவிட்டு வந்தேன். தண்ணீர் பிடிக்கத்தான் மறந்துபோனேன்.

பத்திரிகையோடு நீ வைத்திருந்த கடிதத்தையும் படித்தேன். நீயும் நைனாவும் கட்டாயம் வரவேண்டும், தம்பி முத்துவை மட்டும் யாரிடமாவது விட்டுவிட்டு வாருங்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில் மட்டும் உன் எழுத்து சின்னதாகிவிட்டது. சின்ன வயதில் பொய் சொல்லும்போது உன் குரல் இப்படித்தான் இறங்கும். எனக்குக் கோபம் வரும் என்று பயந்துகொண்டே எழுதியிருக்கிறாய். கோபமில்லையப்பா. நீ சொன்னதில் தப்பும் இல்லை. கல்யாண வீட்டில் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் என்ன ஆகும் என்று உன்னைவிடத் தெரிந்தவர் யார்? ஆனால் யாரிடம் விடுவது? இதற்குப் பதில் ஒரு கார்டில் அடங்காது. நைனாவைக் கடைக்கு அனுப்பிக் கோடு போட்ட தாள் வாங்கிவரச் சொன்னேன். உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற ரமணம்மாவுக்கும் இதைத் தெலுங்கில் சொல்லிக் காட்டு. அவள் வாழ வரும் வீட்டில் அடுப்பங்கரைக்கு ஏன் பூட்டு இருக்கிறது என்று மற்றவர்கள் வாயால் அவள் கேட்கக் கூடாது.

முத்து பிறந்தபோது உனக்கு ஏழு வயது. நீ தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, இவனுக்குள்ளே எலும்பே இல்லையா அம்மா என்று கேட்டாய். அப்படித்தான் இருந்தான். தூக்கினால் ஈரத்துணி மாதிரி இரண்டு பக்கமும் தொங்குவான். அழவே மாட்டான். லைனில் மற்ற வீட்டுக் குழந்தைகள் கத்திக் கத்திப் பால் குடிக்கும்போது இவன் என் மார்பில் வாய் வைத்துவிட்டுத் தூங்கிப்போவான். இழுத்துக் குடிக்க அவனுக்குத் தெம்பில்லை. பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுவேன். பாதி கடைவாயில் வழிந்துவிடும். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது நாம் மட்டும் ஏன் போகவில்லை என்று நீ பிறகு கேட்டிருக்கிறாய். இவனை ரயிலில் எடுத்துக்கொண்டு போனால் வழியிலேயே போய்விடுவான் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். குண்டு விழுந்தால் எல்லோருமாகப் போவோம் என்று நைனா சொல்லிவிட்டார். அதனால் இருந்தோம்.

ஓடினவர்கள் திரும்பி வந்து லைன் மறுபடி நிறைந்த பிறகுதான் நான் மடிப்பிச்சை எடுத்தேன். ரமணம்மாவின் ஊரில் அந்த வழக்கம் உண்டோ இல்லையோ, விளக்கமாகச் சொல். பிள்ளை தக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற தாய் கௌரவத்தை விட்டுவிட்டு, முந்தானையை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்பாள். அந்த அரிசியைப் பொங்கி முதல் வாய் பிள்ளைக்கு ஊட்ட வேண்டும். நான் தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு போனேன். மீன் விற்கிற கன்னியம்மா வீட்டில் ஆரம்பித்து, மாதா படம் வைத்த ரோசம்மா வீடு, கடைசி வீட்டு பாய் வீடு வரைக்கும் ஒரு வாசல் விடாமல் நின்றேன். என் பிள்ளை சாப்பிட வேண்டும், உங்கள் கையால் போடுங்கள் என்றேன். எல்லோரும் போட்டார்கள். பாய் வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டு தரம் போட்டாள். அன்றைக்குத்தான் அவனுக்குப் பிச்சைமுத்து என்று பேரும் வைத்தோம். நீ என் பின்னாலேயே வெட்கப்பட்டுக்கொண்டு வந்தாய், அம்மா நாம என்ன பிச்சைக்காரங்களா என்று முனகிக்கொண்டு.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. நடக்கவே அவனுக்கு மூன்றாவது வயது ஆயிற்று. நடக்க ஆரம்பித்த கையோடு ஒருநாள் தட்டைக் காட்டி இன்னும் என்றான். அந்த ஒரு சொல்லைக் கேட்டு நான் எப்படி ஆடிப்போனேன் என்பதை உனக்கு எப்படிச் சொல்வேன்? லைன் முழுக்கத் திருவிழாதான். வேண்டுதல் பலித்தது என்று அவரவர் வீட்டிலிருந்து கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவந்தார்கள். கன்னியம்மா நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டு வருவாள், ரோசம்மா ரொட்டி. நான் அடுப்பிலிருந்து இறக்கியதும் முதல் பங்கு அவனுக்கு. வயிறு நிறைந்ததா கண்ணு என்று கேட்டால் இல்லை என்பான், மறுபடி போடுவேன். அவன் கன்னம் உப்பியதைப் பார்த்து மூன்று வருஷமாகச் சுருண்டு கிடந்த என் மனசும் உப்பியது. அவன் ஒரு நாள்கூட நிறைந்தது என்று சொன்னதில்லை என்பதை நான் வெகுநாள் கவனிக்கவே இல்லை.

பிறகு வந்ததை நீயே பார்த்தாய். கோணி மூட்டையில் கையை விட்டுப் பச்சை அரிசியைத் தின்றான். மாட்டுக்குப் போகிற புண்ணாக்கு வண்டியின் பின்னால் போய் உதிர்ந்ததைப் பொறுக்கினான். தடுத்தால் தரையில் விழுந்து உருண்டு, தன் கையையே கிள்ளிப் புண்ணாக்கிக்கொள்வான். இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் தின்ற அளவுக்கு உடம்பு வரவில்லை, தின்றதைக் காட்டிலும் அதிகமாக வந்தது. நைனா ஹார்பரில் கயிறு ஸ்டோரில் மாடாக உழைத்துவிட்டு வந்து ஒரு சட்டி சோறு தின்பார், விலா எலும்பு எண்ணலாம். நீ அதைவிடத் தின்பாய், முருங்கைக் குச்சி மாதிரி நீண்டுகொண்டே போனாய். அவனுக்கு உன் சோற்றில் பாதியைக் குறைத்துப் போட்டேன், அப்போதும் பெருத்தான். பாதியிலும் பாதி போட்டேன், பெருப்பது கொஞ்சம் நிதானப்பட்டது, அவ்வளவுதான். உயரம் மட்டும் ஏறவில்லை. கையும் காலும் பொம்மைக்கு வைத்தது போல் அப்படியே நின்றுவிட்டன.

அதற்குள் ரேஷன் வந்துவிட்டது. ஊரே அரைவயிற்றுக்கு அளந்து வாங்குகிற காலத்தில் நம் வீட்டு வாசலில் ஒரு குண்டுப் பிள்ளை உட்கார்ந்திருந்தால் யார் நம்புவார்கள்? இவள் எங்கேயோ மூட்டை பதுக்கியிருக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. நான் அடுப்பங்கரைக்குப் பூட்டு மாட்டி, சாவியைத் தாலிக் கயிற்றில் கோத்துக்கொண்ட பிறகு அந்தப் பேச்சு உறுதியாகிவிட்டது. யாரோ ரேஷன் ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். இரண்டு ஆட்கள் வந்து சோதனை போட்டார்களே, நீ பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்தாய். பூட்டைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் என்ன ஒரு திருப்தி. திறந்து காட்டினேன். உள்ளே அந்த வாரத்து ரேஷன் அரிசி, கொஞ்சம் துவரை, ஒரு கட்டி வெல்லம். வந்தவர்களில் பெரியவர் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்காம்மா இந்தப் பூட்டு?" என்றார். அதற்குள் முத்து அவர் காலுக்கிடையில் புகுந்து வெல்லத்தை எடுத்து வாயில் வைத்துவிட்டான். பிடுங்கினேன். பிடுங்கியதைப் பார்த்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது பதுக்கல்காரியைப் பார்க்கிற பார்வையைவிட மோசம்.

வீட்டில் பூட்டினால் அவன் வெளியே போனான். எங்கே போவான்? நான் முந்தானை ஏந்திய வாசல்களுக்குத்தான். ஒவ்வொரு வீட்டிலும் போய் நின்று, பசிக்குது என்பான். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவன் கேட்டால் கல்லும் போடும். காலையில் ரோசம்மா வீட்டில் ஆப்பம், பாய் வீட்டில் பாயா, கன்னியம்மா வீட்டில் பழைய சோறும் மீனும். மூச்சு இரைக்க ஆரம்பித்தது. படி ஏறினால் உதடு நீலம் பூத்தது. ஒருநாள் நான் மறுபடி தலைக்குக் குளித்துவிட்டு அதே வாசல்களுக்குப் போனேன். என் பிள்ளைக்கு ஒன்றும் போடாதீர்கள் என்று கேட்டேன். போடுங்கள் என்று ஏந்திய கையால் இப்போது கும்பிட்டேன். கன்னியம்மா மீன்கூடையை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"இன்னாம்மே, பெத்த வயிறுதானா அது? பசிக்குதுன்னு பச்சப்புள்ள வந்து நிக்குது. வோணான்னு தொரத்தச் சொல்றியா?"

போட்டால் செத்துவிடுவான் என்றேன். தின்று செத்த பிள்ளையை இந்த ராயபுரத்தில் யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் மேல் தப்பில்லை. அவள் தன் மூன்று பிள்ளைகளில் இரண்டைப் பட்டினிக் காலத்தில் மண்ணுக்குக் கொடுத்தவள். சோறு போடாதே என்று சொல்கிற தாயை அவளால் எப்படிப் பொறுத்துக்கொள்ள முடியும்? என்னாலேயே முடியவில்லை. குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். பிச்சை எடுக்கப் போனபோது எனக்கு இல்லாத வெட்கம் பிச்சை போடாதே என்று கேட்டபோது வந்தது.

இதற்கு நடுவில் நீ ஒருத்தன் வளர்ந்துகொண்டிருந்தாய். உன் பசியைப் பற்றி இந்த வீட்டில் யார் பேசினார்கள்? வேளாவேளைக்கு நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து தின்போம், எழுந்ததும் பூட்டு. நடுவில் பசித்தால் அடுத்த வேளை வரைக்கும் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். தீபாவளிக்குப் பலகாரம் சுட்டதில்லை. உன் கூட்டாளிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் தண்ணீருக்கு மேல் கொடுத்ததில்லை. நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சந்து முனையில் வேர்க்கடலையோ வள்ளிக்கிழங்கோ வாங்கித் தின்றுவிட்டு, குழாயடியில் கையையும் வாயையும் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவாய். வாசனை தெரிந்தால் முத்து உன் விரலைப் பிடித்து முகர்வான் என்று. எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? ஒருநாள் சன்னல் வழியாகப் பார்த்தேன், நீ கழுவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தின்ன வேண்டிய வயதில் திருடன் மாதிரிக் கை கழுவிக்கொண்டு வந்த பிள்ளை, கடைசியில் கப்பலில் சமையல் ஆளாகப் போனதில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. முதல் கடிதத்தில் எழுதினாயே, இங்கே அடுப்பங்கரைக்குக் கதவே இல்லை அம்மா என்று. அதை நான் சந்தோஷத்தில் படித்தேனா துக்கத்தில் படித்தேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆனால் நீ போனதற்கு அது மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். கன்னியம்மா மகள் கல்யாணத்தைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இப்போது உன் கல்யாணம் வந்துவிட்டது, பேசிவிடுவோம். தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, பின்பக்கம் கிடாரத்தில் சோறும் ஆட்டுக்கறியும் வெந்துகொண்டிருந்தது. முத்துவைப் பூட்டி வைத்துவிட்டு நாம் மட்டும் போகலாம் என்று நைனா சொன்னார். கன்னியம்மா நேரில் வந்து, அவன் என் கையால் அரிசி வாங்கித் தின்ற பிள்ளை, அவன் வராமல் என் பெண் கழுத்தில் தாலி ஏறாது என்று பிடிவாதம் பிடித்தாள். கூட்டிக்கொண்டு போனோம். அண்ணன் கையை விடாதே என்று அவனிடமும், தம்பியை விடாதே என்று உன்னிடமும் சொன்னேன்.

பரிமாற ஆள் போதவில்லை என்று யாரோ உன் கையில் குழம்பு வாளியைக் கொடுத்தார்கள். நீ இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று இலை இலையாகக் குனிந்து ஊற்றிக்கொண்டு போனாய். வேண்டாம் என்று கை மறித்தவர்களுக்கும் ஊற்றினாய். உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்தச் சமயத்தில்தான் முத்து பந்தலுக்குப் பின்னால் போனான். கிடாரத்தின் பக்கத்தில் அவனை நீதான் கண்டுபிடித்தாய். வயிறு முரசு மாதிரி விறைத்துப்போய், கண் செருகி, கையில் அப்போதும் ஒரு பிடி சோற்றோடு கிடந்தான். வாந்தியாவது வந்திருக்கலாம். அவனுக்கு வாந்தி வராது, வலிக்கிறது என்று சொல்லவும் தெரியாது. உன்னில் பாதி உயரம், உன்னைப் போல் ஒன்றரை மடங்கு கனம். அவனை முதுகில் போட்டுக்கொண்டு ரிக்‌ஷா கிடைக்கும்வரை ஓடினாய். கழுத்து மாலையோடு கன்னியம்மாவின் மருமகனும் உன் பின்னால் ஓடிவந்தான்.

பிழைத்தான். ஆஸ்பத்திரியில் இருந்த அந்தச் சின்ன வயது டாக்டரம்மா, நான் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். நீ ரத்தம் கட்டிப்போன தோளோடு மூலையில் நின்றாய், அதனால் நீ கேட்டிருக்கமாட்டாய். எழுதுகிறேன்.

"நீங்க தின்னக் குடுத்து வந்த வியாதி இல்லைம்மா இது. பிறக்கும்போதே வந்தது. நமக்கெல்லாம் வயிறு நிறைஞ்சா போதும்னு உள்ளேருந்து ஒண்ணு சொல்லும். இவனுக்கு அது சொல்லாது. சாப்பிட்டதை நம்ம உடம்பு செலவழிக்கும், இவன் உடம்பு செலவழிக்காது, சேர்த்துச் சேர்த்து வைக்கும். இதுக்குப் பேர் என்னன்னு எனக்குத் தெரியலை. புஸ்தகத்திலயும் கிடைக்கலை. பூட்டை மட்டும் எடுத்துடாதீங்க."

பேர் தெரியவில்லை என்று ஒரு டாக்டர் சொன்னதைக் கேட்டு நிம்மதியாக அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கன்னியம்மாவும் என் பக்கத்தில் நின்று கேட்டாள். அன்றிலிருந்து லைனில் யாரும் அவனுக்கு ஒன்றும் கொடுக்காமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான். புதுசாகக் குடிவந்தவர்களிடம் முதல் நாளே போய்ச் சொல்லிவிடுவாள். அவன் வந்து நிற்கும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மூக்கைச் சிந்துவாள்.

நீ அடுத்த வருஷம் கப்பல் ஏறினாய். தம்பி கையை நீ விட்டதால்தான் அவன் கிடாரத்துப் பக்கம் போனான் என்று உனக்குள் ஒரு முள் இருக்கிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் இரண்டு நாள் இருந்துவிட்டு, முத்து முகத்தைப் பார்க்காமல் கிளம்பிவிடுகிறாய். ஒன்று சொல்கிறேன், கேள். அன்றைக்கு உனக்குப் பத்தடி தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். முத்து எழுந்து போனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஏனென்றால் நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவனை மறந்துவிட்டு, வாளியும் கையுமாக நீ சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மூத்த பிள்ளை எவ்வளவு அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம்தான். அதற்காக நான் வருத்தப்பட முயற்சி செய்து பார்த்துவிட்டேன், வரவில்லை. நீயும் விட்டுவிடு.

இப்போது சொல், முத்துவை யாரிடம் விட்டுவிட்டு வருவது? நீ போயிட்டு வாம்மே, நான் பாத்துக்கறேன் என்று கன்னியம்மா நேற்றே வந்து சொன்னாள். அவளுக்கும் வயதாகிவிட்டது. முதல் நாள் கல்லாக இருப்பாள். இரண்டாம் நாள் அவன் அழுதால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவளால் உட்கார முடியாது. என்னாலேயே எத்தனையோ நாள் முடியாமல் போகிறது, நைனா வந்து கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் அவன் இப்போது முன்போல் இல்லை. கால் இரண்டும் நீர் கோத்து மினுமினுக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்குகிறான். பகலெல்லாம் நைனா கொண்டுவந்து போடும் சிக்கல் கயிறுகளை அந்தச் சின்ன விரல்களால் முடிச்சு முடிச்சாகப் பிரித்துக்கொண்டிருப்பான். ஸ்டோரில் எவனாலும் பிரிக்க முடியாததை எல்லாம் பிரித்துவிடுவான். ஹார்பரில் கப்பல் ஊதினால் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, அண்ணாத்த என்பான்.

அதனால் நைனா மட்டும் வருவார். புது வேட்டி எடுத்தாகிவிட்டது, பெரம்பூரிலிருந்து உன் மாமா துணைக்கு வருகிறார். நான் வரவில்லை. இதை எழுத எனக்கு நேற்றிலிருந்து கை வரவில்லை, எழுதிவிட்டேன். பெற்ற பிள்ளை மணையில் உட்காருவதைப் பார்க்க எந்தத் தாய்க்குத்தான் ஆசை இருக்காது? நீ பட்டு வேட்டியில் எப்படி இருப்பாய் என்று பாத்திரம் துலக்கும்போது நினைத்துப் பார்க்கிறேன், சரியாக வரமாட்டேன் என்கிறது. வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பதினைந்து வயதுப் பிள்ளைதான் வருகிறான். முகூர்த்த நேரத்துக்கு இங்கே விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ தாலி கட்டும் சமயத்தில் வடக்குப் பக்கம் பார்த்து அட்சதை போடுவேன். அரிசி எடுக்க அடுப்பங்கரையைத் திறக்க வேண்டும், அதற்குள் முத்துவை வாசலில் உட்கார்த்திவைக்க வேண்டும். அதையெல்லாம் பார்த்துக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே.

ரமணம்மாவிடம் ஒன்று உறுதியாகச் சொல். இந்தச் சாவியை நான் அவள் கையில் கொடுக்கமாட்டேன். உன் கையிலும் கொடுக்கமாட்டேன். எனக்குப் பிறகு என்ன என்று நீ நினைப்பது எனக்குத் தெரியும். அவன் காலைப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது என்றுதான் தோன்றுகிறது, அதற்கு மேல் எழுத வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் உங்கள் வீட்டில் கதவில்லாத அடுப்பங்கரை வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போடுங்கள். உங்கள் பிள்ளைகள் நேரங்கெட்ட நேரத்தில் வந்து பானையைத் திறந்து தின்னட்டும். எனக்கு அது போதும். நான் கேட்பது ஒன்றுதான். கல்யாணம் முடிந்து கை மஞ்சள் காய்வதற்குள் ஒருதரம் அவளைக் கூட்டிக்கொண்டு வா.

ஏன் அவசரம் என்று கேட்பாய். இதுவரைக்கும் உனக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. நீ கப்பல் ஏறிய நாள் சாயங்காலம் சோறு போட்டபோது முத்து உன் தட்டையும் எடுத்துவைக்கச் சொன்னான். வைத்தேன். தன் தட்டிலிருந்து ஒரு உருண்டை பிடித்து உன் தட்டில் வைத்துவிட்டு, "இது அண்ணாத்தது" என்றான். நான் போடுகிற சோறு அவனுக்கு எந்த மூலைக்குக் காணும் என்று உனக்குத் தெரியும். அதிலிருந்து எடுத்து வைத்தான். வைத்துவிட்டுத் தன் பங்கைத் தின்று முடித்தான். பிறகு அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வேறு பக்கம் திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கை போய்விட்டது. தின்றுவிட்டு, "அண்ணாத்த பங்க நானே துன்னுட்டேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். மறுநாள் மறுபடியும் வைத்தான். மறுபடியும் தின்றான், அழுதான். நான் எடுத்து ஒளித்துவைக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், விடமாட்டேன் என்கிறான். அண்ணாத்த வந்தால் தட்டு காலியாக இருக்கக் கூடாதாம். நேற்று சாயங்காலமும் வைத்தான்.

இத்தனை வருஷத்தில் அவன் உனக்கு வைக்காத நாள் ஒன்றில்லை. மிஞ்சிய நாளும் ஒன்றில்லை. நீ வந்து போன நாட்களில் அவன் பக்கத்தில் உட்காராமல் வெளியே தின்றுவிட்டு வந்தாய், அதனால் நீ பார்த்ததில்லை. இந்தத் தடவை எந்த வண்டியில் வந்து இறங்கினாலும் சரி, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இரு. கை கழுவிவிட்டு அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார். அவன் உருண்டையை வைத்ததும் உடனே எடுத்து வாயில் போட்டுக்கொள், யோசிக்காதே, நன்றாக இருக்கிறது என்று சொல்லாதே, அதற்குக்கூட நேரமிருக்காது. ஒரு நாளாவது அவன் வைத்தது உனக்குக் கிடைக்கட்டும்.

உன் தட்டு கழுவித்தான் இருக்கிறது.

அம்மா